நட்சத்திரம் வேண்டாம், சம்பளம் கொடுங்கள்!

2024 ஓகஸ்ட் மாதத்தில் பார்ன்ஸ்லி என்ற ஆங்கிலேயக் கழகத்துக்காக விமல் யோகநாதன் களமிறங்கினார். அன்று உலகத் தமிழரின் முகநூல் பக்கங்கள் எங்கும் ஒரே கொண்டாட்டம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்து வளர்ந்த 18 வயது மத்தியகள வீரர் அவர். இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று ஊடகங்கள் எழுதின. மகிழ வேண்டிய செய்திதான், மகிழ்ந்தோம். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு கூடவே வந்த கேள்விதான் என்னை உறுத்தியது. "லிவர்பூலுக்கு எப்போது போவார்? மன்செஸ்டர் யுனைட்டட் எப்போது வாங்கும்?" என்றே எல்லோரும் கேட்டார்கள். பார்ன்ஸ்லி எப்படிப்பட்ட கழகம் என்று கேட்டவர் எவரையும் நான் காணவில்லை.

அப்போது பார்ன்ஸ்லி இருந்தது மூன்றாம் தரத்தில். மூன்றாம் தரத்திலுள்ள ஒரு கழகம், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடுண்டுபோன பழைய தொழிலாளர் நகரம் ஒன்றின் கழகம், ஒரு பதினெட்டு வயது இளைஞனை முழுநேரத் தொழிலாளியாக வைத்துச் சம்பளம் கொடுக்கிறது. இது எப்படிச் சாத்தியமாகிறது? நம்மவர் கேட்கத் தவறிய இந்தக் கேள்விக்குள்தான் இலங்கை உதைபந்தாட்டத்தின் நோயும் மருந்தும் இருக்கின்றன என்பது என் கட்சி.

இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் 20 கழகங்கள். தொலைக்காட்சியில் நாம் காண்பது அவற்றை மட்டுமே. அவற்றுக்குக் கீழே மூன்று தரங்களில், தரத்துக்கு 24 வீதம், 72 கழகங்கள் உள்ளன. இந்த 72 கழகங்களில் ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 46 லீக் ஆட்டங்கள் ஆடும். கிண்ணப் போட்டிகள் வேறு. அதற்கும் கீழே ஐந்தாம் தரத்தில்கூடப் பெரும்பாலான கழகங்கள் முழுநேர ஆட்டக்காரரை வைத்திருக்கின்றன. அந்த ஆட்டக்காரர்களின் முகம் நமக்குத் தெரியாது. அவர்கள் பெயர் பொறித்த சட்டையைக் கொழும்பு நடைபாதையில் எவரும் விற்பதில்லை. இரண்டு ஆண்டு இந்தக் கழகம், ஒன்றரை ஆண்டு அந்தக் கழகம், இடையில் சில மாதம் இரவல் என்று ஊர் விட்டு ஊர் மாறி ஆடி, முப்பத்தைந்து வயதில் ஓய்வுபெற்று விடுவார்கள். எனினும் அந்தப் பதினைந்து ஆண்டுகளும் அவர்களின் வீட்டில் அடுப்பெரிவது பந்தால்தான்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரொனி போர்ட். 1959இல் கிரிம்ஸ்பி என்ற மீன்பிடித் துறைமுக நகரில் பிறந்தவர். 1975இல், 16 வயதில், அந்த ஊர்க் கழகத்துக்காகவே ஆடத் தொடங்கினார். பின்னர் சண்டர்லாண்ட், ஸ்டோக் சிற்றி, வெஸ்ட் புரொம்விச் அல்பியன், மீண்டும் கிரிம்ஸ்பி, ஸ்கன்தோர்ப், மான்ஸ்பீல்ட், ரொச்டேல் என்று கழகங்கள் மாறினார். முன்களத்தின் வலப்புறத்திலும் மத்தியகளத்திலும் ஆடியவர், வயது ஏறியபோது பின்களத்துக்கு இறங்கினார். 2001இல் அவர் ஓய்வுபெற்றபோது ஆடியிருந்த லீக் ஆட்டங்கள் 931! கோல்காப்பாளர் அல்லாத ஆட்டக்காரர்களில் அதுவே சாதனை. இந்த 26 ஆண்டுகளில் அவர் ஒருநாளும் முதற்தரப் பிரிவில் ஆடியதில்லை. இங்கிலாந்தின் பிரதான தேசிய அணிக்கும் ஆடியதில்லை. ஆனால் அரசியார் காலத்தில் உதைபந்தாட்டச் சேவைக்காக எம்.பி.ஈ. விருது பெற்றார். நம் நாட்டில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் அவருக்கு என்ன பெயர் வைத்திருப்போம்? "உருப்படாதவன்" என்றுதான்.

கிரிம்ஸ்பியை நான் வேண்டுமென்றே எடுத்தேன். அதன் கழகச் சின்னத்தில் இருப்பது மீன்பிடிப் படகு. ஐஸ்லாந்துடனான கடல் எல்லைத் தகராறில் 1976இல் பிரித்தானியா பின்வாங்கியதோடு அந்த ஊரின் ஆழ்கடல் மீன்பிடி நலிந்துபோனது. மக்கள் தொகை ஓர் இலட்சத்துக்கும் குறைவு. கழகமும் 2010இல் லீக்கிலிருந்தே கீழே விழுந்தது, 2016இல் எழுந்தது, 2021இல் மறுபடி விழுந்து 2022இல் மறுபடி எழுந்தது. 2025 ஓகஸ்டில், நான்காம் தரத்தில் இருந்த அதே கிரிம்ஸ்பி, மன்செஸ்டர் யுனைட்டட் அணியை லீக் கிண்ணப் போட்டியில் பெனால்டி உதைகளில் 12-11 என்று வெளியேற்றியது. மீன் நாறும் ஊர் என்று யாரும் அந்தக் கழகத்தை இழுத்து மூடிவிடவில்லை.

இப்போது நமது எத்தாளைக்கு வருவோம். நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் இடையில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாக நீண்டு கிடக்கும் மணற்பாங்கான குடாநாட்டில் உள்ள ஊர். மீனும் வெங்காயமும் மிளகாயும் தென்னையும்தான் இந்தக் கரையின் பிழைப்பு. முஸ்லிம்கள், கத்தோலிக்கர், சிங்களவர், 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து புகலடைந்தவர் என்று எல்லோரும் கலந்து வாழும் இந்தக் கரையில் எல்லோருக்கும் பொதுவான பாஷை ஒன்று உண்டென்றால் அது பந்துதான். புத்தளம் மாவட்டத்தில் உதைபந்தாட்டம் வேரூன்றி நிற்பதற்கு எவரும் சான்றிதழ் தர வேண்டியதில்லை.

இந்தக் கரையில் 19 வயதில் நல்ல மத்தியகள வீரனாக இருக்கும் ஒருவனின் முன்னால் உள்ள வழிகளை எண்ணிப் பாருங்கள். தந்தையின் படகு, வெங்காயப் பாத்தி, வளைகுடா நாட்டு விசா. மாவட்டத்தின் தென்கோடியில் வென்னப்புவைப் பக்கம் பிறந்திருந்தால் இத்தாலிக் கனவு. உதைபந்தாட்டம் இந்தப் பட்டியலில் இல்லை. 23 வயதில் அவன் காலணியைக் கழற்றுகிறான். "பொடியனுக்கு விளையாட்டில் அக்கறை விட்டுப்போச்சு" என்கிறோம். அக்கறை விட்டுப்போகவில்லை ஐயா! அரிசி விலை ஏறியது, அவ்வளவுதான்.

2021இல் "சுப்பர் லீக்" என்ற பெயரில் 10 கழகங்களைக் கொண்டு ஒரு தொழில்முறை லீக் ஆரம்பிக்கப்பட்டது. நல்ல முயற்சி. அந்தப் பத்தில் மூன்று, தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகள். வடக்கு, கிழக்கு மாகாணங்களிலிருந்து ஒரு கழகம்கூட இல்லை. எமது மாவட்டத்திலிருந்து வென்னப்புவ நியூ யங்ஸ் இடம்பெற்றது; கற்பிட்டிக் குடாநாடு வெளியே நின்றது. இந்த எண்ணிக்கை சொல்லும் செய்தி ஒன்றுதான். இலங்கையில் மாதச் சம்பளத்தோடு பந்து உதைக்க விரும்பும் இளைஞனுக்கு இருக்கும் மிக உறுதியான வழி, படையில் சேர்வது. முப்பது ஆண்டுப் போருக்குப் பின்னர் அந்த வாசல் யாழ்ப்பாணத்துப் பையனுக்கும் மன்னார்ப் பையனுக்கும் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டுமா?

வேறு வழி கடல் தாண்டிப் போவது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களே வாழும் மாலைதீவு எங்கள் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது! தேசிய அணியின் கோல்காப்பாளர் சுஜான் பெரேரா அங்கு ஆடியவர். மன்னாரைச் சேர்ந்த பின்கள வீரர் டக்சன் பியூஸ்லஸும் அங்கேதான் போனார். தேசிய அணிச் சட்டை அணிந்த ஒரு தமிழ் இளைஞன், 2022 பெப்ரவரியில், மாலைதீவுக் கழகம் ஒன்றுக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த மண்ணிலேயே உயிரிழந்தார். மன்னார் அழுதது. அந்த மரணத்தை அலசுவது என் நோக்கமன்று. தன் நாட்டுக்காக ஆடிய ஒருவன், தன் நாட்டில் ஆடிப் பிழைக்க முடியாமல் ஏன் போக வேண்டியிருந்தது என்று மட்டும் கேட்கிறேன். அஞ்சலிப் பதாகை கட்டிய பெரிய மனிதர் எவராவது இதற்குப் பதில் சொன்னார்களா?

"எங்கள் நாடு வறிய நாடு, இங்கிலாந்தோடு ஒப்பிடலாமா?" என்று சிலர் வருவார்கள். மாலைதீவோடு ஒப்பிடுங்கள் என்பேன். 1995இல் தெற்காசியக் கிண்ணத்தை வென்றவர்கள் நாங்கள். அதன்பின் இன்றுவரை ஒருமுறையும் வெல்லவில்லை. மாலைதீவு 2008இலும் 2018இலும் வென்றது. 2008இன் இறுதியாட்டம் நடந்ததே கொழும்பில்தான்! நம் வீட்டு முற்றத்தில் வந்து கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இங்கிலாந்திலும் இந்த ஏற்பாடு வானத்திலிருந்து விழுந்ததன்று. 1961 வரை அங்கு ஆட்டக்காரருக்கு உச்சச் சம்பளம் வாரத்துக்கு 20 பவுண் என்று கட்டி வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பின்னும் கழகம் விடாவிட்டால் ஆட்டக்காரன் அசைய முடியாது. 1907இல் தோன்றிய ஆட்டக்காரர் சங்கம், ஜிம்மி ஹில் தலைமையில் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எழுந்து நின்ற பிறகே அந்த உச்சவரம்பு ஒழிந்தது. ஜோர்ஜ் ஈஸ்ட்ஹம் என்ற ஆட்டக்காரர் நீதிமன்றம் போய் 1963இல் பெற்ற தீர்ப்பு இரண்டாவது தளையைத் தளர்த்தியது. சங்கம் கட்டினார்கள், வழக்காடினார்கள், பெற்றார்கள். நம் ஆட்டக்காரருக்காக அப்படி எழுந்து நின்று பேசும் சங்கம் எங்கே? அமைச்சரின் கையால் மாலை வாங்கும்போது மட்டும் நம் ஆட்டக்காரர் வரிசையில் நிற்கிறார்கள்.

சம்மேளனத்தின் கதையை நான் நீட்டப்போவதில்லை. வெளித் தலையீடு காரணமாக 2023 ஜனவரியில் பீஃபா நம்மை இடைநிறுத்தியது. தடை நீங்கியது ஓகஸ்ட் இறுதியில். அந்த ஆண்டின் தெற்காசியக் கிண்ணப் போட்டியில் இலங்கை இல்லை. கதிரைகளுக்காக நடந்த சண்டையில் தண்டனை பெற்றவன், கதிரையே இல்லாத பதினெட்டு வயதுப் பையன்.

அடுத்து வருவது புலம்பெயர் வாதம். "வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டுவந்தால் போதும், பாருங்கள், அணி வெல்லத் தொடங்கிவிட்டது" என்கிறார்கள். உண்மை, பலன் கிடைத்தது. 2021இல் பலம்வாய்ந்த லெபனானுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்து ஆட்டத்தை 3-2 வரை இழுத்தவர் ஜேர்மனியில் வளர்ந்த வசீம் ராசிக். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டி உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குள் நுழைந்த அணியிலும் அத்தகையோர் பலர் இருந்தனர். அவர்களை வரவேற்கிறேன், அவர்களின் இரத்த உரிமை அது.

ஆனால் அவர்கள் யார் என்று ஒருகணம் சிந்தித்தீர்களா? வசீம் ராசிக் ஜேர்மனியின் கீழ்த்தரப் பிரிவுகளில் ஆடி வளர்ந்தவர். குளோடியோ கம்மர்க்னெக்ட் அங்கு மூன்றாம் தரத்தில் டிரெஸ்டன் கழகத்துக்கு ஆடியவர். மார்வின் ஹமில்டன் இங்கிலாந்தின் கில்லிங்ஹாம் கழகத்தில் தொடங்கிக் கீழ்நிலைக் கழகங்கள் பலவற்றில் உழைத்து, முப்பது வயதைக் கடந்த பின்னர் இலங்கைச் சட்டை அணிந்தவர். ஆக, நாம் இறக்குமதி செய்வது பெரும்பாலும் பிற நாடுகளின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தர உழைப்பாளிகளை. அவர்களின் உடற்கட்டும் ஒழுங்கும் ஆட்ட அறிவும் வாரந்தோறும் சம்பளத்துக்கு ஆடியதால் வந்தவை. நம் எத்தாளைப் பையனுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளியை இறைவன் போட்டதாக எண்ண வேண்டாம். ஆண்டுக்கு நாற்பது ஆட்டம் ஆடியவனுக்கும் பத்து ஆட்டத்தோடு பருவம் முடிந்துபோனவனுக்கும் உள்ள இடைவெளி அது. அந்த உழைப்பாளியை இங்கேயே உருவாக்கும் ஏற்பாட்டைப் பற்றிப் பேசாமல், இன்னொரு நாடு உருவாக்கியவனை விமானச் சீட்டுக் கொடுத்து அழைப்பதை மட்டும் கொள்கை என்று சொல்வது வெட்கக்கேடு.

என்ன செய்யலாம்? பெரிய மாளிகை எதையும் கேட்கவில்லை. முதலாவது, எந்த அரசு வந்தாலும் எவர் தலைவரானாலும் நின்றுபோகாத ஆண்டு அட்டவணை. மேலே ஒரு தரம், கீழே இரண்டு தரம், ஏறுவதும் இறங்குவதும் ஆட்டத்தின் முடிவால் மட்டுமே. இரண்டாவது, எழுத்தில் ஒப்பந்தம். தொகை சிறிதாயினும் மாதம் தவறாத கொடுப்பனவு. மூன்றாவது, முழங்கால் முறிந்தால் வைத்தியச் செலவுக்குக் காப்புறுதி. நான்காவது, புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய மாவட்டங்களுக்கு மேல்தரத்துக்கு ஏறிவரும் வழி. ஐந்தாவது, பகலில் கடலுக்கும் தோட்டத்துக்கும் போகிறவன் மாலையில் பயிற்சி செய்ய ஒளிவிளக்கு. 900 மெகாவாட் அனல்மின் நிலையத்தை நுரைச்சோலையில் கட்டி நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் குடாநாட்டில், ஒரு மைதானத்துக்கு விளக்குக் கேட்பது பேராசையா?

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்க் கழகத்துக்குக் கிண்ணமும் சீருடையும் அனுப்புகிறீர்கள், நன்றி. ஒருநாள் சுற்றுப்போட்டிக்கு அள்ளிக் கொடுக்கும் பணத்தை, ஊரில் இரண்டு ஆட்டக்காரருக்கு ஓராண்டுச் சம்பளமாகக் கொடுத்துப் பாருங்கள். கிண்ணம் அலுமாரியில் தூசி பிடிக்கும். சம்பளம் வாங்கியவன் அடுத்த ஆண்டும் மைதானத்தில் நிற்பான்.

விமல் யோகநாதன் நாளை பிரிமியர் லீக்குக்குப் போகலாம். போகாமல் ரொனி போர்ட்டைப் போல் கீழ்த்தரங்களிலேயே ஆயிரம் ஆட்டங்களை நெருங்கலாம். இரண்டில் எது நடந்தாலும் அவர் ஒரு தொழிலாளியாக மரியாதையோடு வாழ்வார். அவரது பெற்றோர் பிறந்த நாட்டில் அதே திறமையோடு பிறந்த ஒருவனுக்கு அந்த மரியாதை கிடைக்கும் நாள் வரை, "முதல் தமிழர்" என்று நாம் கொட்டும் பறைக்குள் ஒன்றுமில்லை, வெறுங்காற்றுத்தான்.