இடிந்து விழுமுன் ஒரு படம்

லக்கோல் எல்லையூடாக இந்நாட்டுக்குள் வந்து அகதி விண்ணப்பஞ் செய்தவர்கள் எம்மிற் பலர். அன்று அப்பாதையின் இருமருங்கையும் நிமிர்ந்து பார்த்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். கையிலிருந்த கடதாசிகளிலும் வரப்போகும் விசாரணையிலும் மனம் கிடந்த நேரமது. இன்று கோடை விடுமுறையிற் பிள்ளைகளோடு அதே திசையிற் செல்வோர், நெடுஞ்சாலையை விட்டுக் கிளைவீதியொன்றில் இறங்கினாற் போதும். நரைத்துச் சாய்ந்த களஞ்சியங்கள், துருவேறிய தகரக் கூரைகள், புல் மூடிக் கிடக்கும் உழவுக் கருவிகள் எனக் காலம் அரித்த பொருட்கள் வழிநெடுகக் கிடக்கும். இவற்றைத் தேடிச் சென்று படம் பிடிப்பது கியூபெக் மக்கள் பலருக்கு நெடுநாட் பழக்கம். எம் இளைஞர் சிலரும் அண்மைக்காலமாக இதில் இறங்கியுள்ளனர்.

“உக்கிப்போன மாட்டுக் கொட்டிலைப் படமெடுக்கவா இவ்வளவு பெற்றோல் செலவு?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடுவதே இவ்வாரப் பத்தியின் நோக்கம்.

முதலில் அந்த நரை நிறத்தைப் பார்ப்போம். வர்ணம் பூசாத பலகையில் வெயில் படும்போது, புறஊதாக் கதிர்கள் மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்ல, வெளிறிய நார்களே மேற்பரப்பில் எஞ்சுகின்றன. மென்மையான பகுதி விரைவில் தேய, வைரமான வரிகள் மேலெழுந்து நிற்கும். உச்சி வெயிலில் இவ்வரிகள் தோன்றா. காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் விழும்போதுதான் ஒவ்வொரு வரியும் தன் நிழலோடு தெரியும். இத்தகைய பலகைகளுக்கு இன்று நல்ல விலையுமுண்டு. உணவகங்களையும் வீடுகளையும் அலங்கரிப்பதற்காகக் களஞ்சியங்களைக் கழற்றி விற்கின்றனர். கழற்றாதவற்றின் கூரையைப் பனிப்பாரம் அமுக்குகின்றது. இந்த வருடம் பார்த்ததை அடுத்த வருடமும் காண்போம் என்பதற்கு உறுதியில்லை.

லக்கோல் ஆற்றங்கரையில், 18ஆம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட மரக் காவலரண் ஒன்று இன்னும் நிற்கின்றது. சதுரமாகச் செதுக்கிய பருத்த மரங்களால் ஆனது. 1814 மார்ச் 30ஆம் திகதி அமெரிக்கப் படையொன்று இவ்விடத்தில் தடுத்து நிறுத்தப்பட்டது. அன்று பாய்ந்த குண்டுகளின் தழும்புகளை அம்மரங்களில் இன்றும் பார்க்கலாம். குண்டு துளைத்த சுவர் எப்படியிருக்கும் என்பதை எம்மவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 200 ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தழும்பைப் பூசி மறைக்காமல், வந்து பாருங்கள் என்று ஒரு நாடு காட்டி நிற்பது எம்மைச் சற்று நிறுத்தி வைக்கும்.

அங்கிருந்து மேற்கே, அமெரிக்க எல்லையை அண்டி, சத்தோகே ஆற்றின்மேல் பவர்ஸ்கோர்ட் பாலம் உள்ளது. 1861இற் கட்டப்பட்டது. டானியல் மக்கலம் என்பவர் வகுத்த முறையில் அமைந்து, இன்று எஞ்சியிருக்கும் ஒரே பாலம் இதுவே. மரப்பாலத்துக்குச் சுவரும் கூரையும் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பர். பயணிகளுக்காக அன்று, மழையும் பனியும் மரச்சட்டங்களை உக்கச் செய்யாதிருப்பதற்காகவே. வீதியின்மேற் கூரை என்றதும் பருத்தித்துறையார்க்குத் தெருமூடி மடம் நினைவுக்கு வரும். அங்கே கூரை, நடந்து களைத்தவனுக்காகப் போடப்பட்டது. நோக்கம் வேறு, ஆயினும் இரண்டினுள்ளும் வெயிலிலிருந்து நுழையும்போது கண்ணில் விழும் இருள் ஒன்றுதான்.

இனி வீதியோரச் சிலுவைகள். 1534இல் ழாக் கார்த்தியே கஸ்பேயிற் சிலுவை நாட்டியது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. பின்னர் தேவாலயத்துக்குத் தொலைவில் வாழ்ந்த கமக்காரர்கள், தத்தம் வீதியோரங்களில் மரச்சிலுவைகளை நாட்டினர். சிலவற்றில் ஏணி, சுத்தியல், குறடு, உச்சியிற் சேவல் என்பனவும் பொருத்தப்பட்டிருக்கும். மே மாதத்து மாலைகளில் அயலவர் அங்கு கூடிச் செபமாலை சொல்வது வழக்கமாயிருந்தது. எங்கள் ஒழுங்கை முகப்பில், ஆலமரத்தடியில் இருந்த வைரவர் சூலத்துக்கும் இதற்கும் வெகுதூரமில்லை. 1920களில் மசிக்கோத் என்ற மொன்றியல் ஆவணக்காப்பாளர் இச்சிலுவைகளைப் பற்றி எழுதி வைத்தார். 1970களில் லாவால் பல்கலைக்கழகத்து ழான் சிமார், மாணவரோடு ஊரூராகச் சென்று ஆயிரக்கணக்கிற் பதிவு செய்தார். அவற்றிற் பல பின்னர் விழுந்துவிட்டன. படமும் குறிப்பும் இருக்கின்றன.

எம்மிடம் என்ன இருக்கின்றது? வீட்டு அல்பங்களைப் புரட்டிப் பார்ப்போம். திருமணம், பூப்புனித நீராட்டு, பிறந்தநாள். எல்லாவற்றிலும் மனிதர்கள் வரிசையாய் நிற்கின்றனர். பின்னால் துலாக் கிணறு அரைகுறையாகத் தெரிந்தால் அது தற்செயல். சங்கடப் படலையையோ, குளக்கரை ஆவுரஞ்சிக் கல்லையோ, கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வீதியோரத்தில் எழுப்பிய சுமைதாங்கியையோ தனியே படமெடுக்க எவர்க்கும் தோன்றவில்லை. நாளும் பார்க்கும் பொருளுக்குப் படம் எதற்கு என்றிருந்தோம்.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்த 2009இன் பின்னர் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்றவர்களிற் சிலருக்கு வீடுமில்லை, கிணறுமில்லை, வேலியுமில்லை; தம் வளவு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதே தெரியவில்லை. வாசற் படலையும் மூலைப் பனையும் தெரியும்படி எடுத்த ஒரு படம், அந்நேரம் உறுதிக்கடதாசிக்குத் துணை நின்றிருக்கும்.

எம்மவருள் இதை முன்னரே உணர்ந்த ஒருவர் உண்டு. ஆனந்த குமாரசாமி 1903 முதல் சில ஆண்டுகள் இலங்கையின் கிராமங்களில் அலைந்து, அழிந்துகொண்டிருந்த கைவினைகளைப் பற்றிக் குறிப்பெடுத்தார். கூடவே சென்று படம் பிடித்தவர் அவருடைய மனைவி எதெல். அப்படங்களோடு நூல் 1908இல் வெளிவந்தது. அக்காலக் கமராவின் பாரத்தையும் மாட்டுவண்டிப் பாதையையும் எண்ணினால், கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் எமக்குச் சொல்ல நொண்டிச்சாட்டு ஏதுமில்லை.

ஊருக்குப் போய்வருவோரிடம் ஒன்று கேட்போம். நல்லூர்த் திருவிழாவைப் பலரும் எடுக்கின்றனர்; நீங்கள் உங்கள் ஒழுங்கையை எடுங்கள். இடிந்த நாற்சார் வீட்டை முதலில் தூரத்திலிருந்து அயலோடும், பின்பு கதவு, தூண், ஓடு என்று கிட்டவும் எடுங்கள். இங்குள்ள களஞ்சியங்களுக்கும் அதே முறைதான். ஆனால் உரிமையாளரிடம் கேட்காமல் வளவுக்குள் கால் வைக்கக் கூடாது. அனுமதித்தாலும் உக்கிய தளத்தில் ஏறக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். முதிய கமக்காரராயின் தாத்தா கட்டிய கதையையும் சேர்த்துச் சொல்வார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் ஊர், ஒழுங்கை, திகதி, பொருளின் பெயர், பெயரைச் சொன்னவர் யார் என்பவற்றைக் குறித்து வையுங்கள். ஆடுகால் எது, துலா எது என்று காட்டித் தரக்கூடியவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களை அருகிலிருத்தியே எழுதுங்கள். மை சில வேளை ஊறி மறுபக்கம் வந்துவிடும். மென்மையான பென்சில் நல்லது.