பரண்மேல் முடியும் தன்கதைகள்

நம் தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் தன்கதைக் கட்டுரைகளைத் திருத்திப் பழகிய ஆசிரியர் எவருக்கும் அவற்றின் முடிவு மனப்பாடம். "நான் ஒரு புகைப்படக் கருவி" என்று தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். கருவி ஜப்பானில் பிறக்கும், கப்பலேறி வரும், கடையின் கண்ணாடிப் பெட்டியில் காத்திருக்கும், குமரனோ கவிதாவோ விலை கொடுத்து வாங்கிச் சீராட்டுவர், ஒருநாள் கைதவறிக் கீழே விழும். பிறகு? பரண்மேல் வீசப்பட்டு, தூசி படிந்து, கண்ணீர் வடித்தவாறு தன் வரலாற்றைச் சொல்லி முடிக்கும். நாமும் மொழிநடையை மெச்சி மதிப்பெண் இடுவோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. இந்த மாதிரிக் கட்டுரை நிற்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒரு கட்டுரையிலேனும் குமரன் ஒரு திருப்புளியை எடுத்து வந்து அக்கருவியைத் திறந்து பார்த்ததுண்டா?

இதனை நான் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை. குற்றச்சாட்டாகவே முன்வைக்கிறேன். பழுதானால் பொருளின் கதை முடிந்தது என்ற பாடத்தைக் கட்டுரை வகுப்பின் பெயரால் நாம் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகிறோம். அழுகையை இலக்கியம் என்கிறோம். பழுது நீக்குவதைக் 'கைவேலை' என்று ஒதுக்குகிறோம். பாலெடுத்தும் இயந்திரம் கழற்றியும் மாட்டியும் பிழைத்த மக்களின் பிள்ளைகளுக்கு இப்பாடத்தைச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இக்கோபம் எனக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவின் நகர்மையத்தில் இரவில் கூடிவந்த பழம்பொருள் சந்தையைப் பாசார் காராட் என்பர். காராட் என்ற மலாய்ச் சொல்லுக்குத் துரு என்று பொருள். அங்கே நாடாக்களுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் இடையில் ஒரு கேனன் கேனோநெட் கியூ.எல். 17 ஜி-3 கிடந்தது. 1972-இல் வெளிவந்த ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமரா அது. வாங்கி வந்தேன். விசையை அழுத்தினால் ஓசை இல்லை. பார்த்தவர் யாவரும் ஒரே குரலில், "அலமாரியில் வையுங்கள், அழகாக இருக்கும்" என்றனர். ஆசிரிய நண்பர் ஒருவர் தம் பள்ளியின் மரபு மூலைக்கு அதனைக் கேட்டார். "இயங்காவிட்டால் என்ன? பார்வைக்குத்தானே?" என்றார். இறந்தவரின் கண்ணாடியையும் ஊன்றுகோலையும் வைப்பதுபோல் இதனையும் வைக்கப் பார்க்கிறாரே என்று எண்ணினேன். இது இறக்கவில்லை, இயக்கம் தடைப்பட்டுக் கிடந்தது, அவ்வளவே.

இக்கருவியின் உள்ளம் மிக எளியது. நம் இரு கண்களைப்போல் இதற்கும் இரு சாளரங்கள் உண்டு. ஒன்றின் வழியே வரும் காட்சியின்மேல் மற்றொன்றின் காட்சி, நடுவே ஒரு சிறு மஞ்சள் கட்டத்துள் விழும். வில்லை வளையத்தைத் திருப்பினால் இரண்டாம் உருவம் நகர்ந்து வந்து முதலுருவத்தோடு ஒன்றும். ஒன்றிய இடமே சரியான தொலைவு. பீரங்கிப் படையினர் இலக்கின் தொலைவை அளந்ததும் இந்த முறையால்தான். முக்கோணக் கணக்கை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடக்கருவியை நான் கண்டதில்லை.

இனிப் பழுதுக்கு வருவோம். இயந்திரம் சிக்கினால் நம் கை முதலில் தேடுவது எண்ணெயை. ஆனால் இக்கருவியைக் கெடுத்ததே எண்ணெய்தான். ஒளியைத் திறந்து மூடும் மெல்லிய உலோக இதழ்கள் உலர்ந்தே இயங்க வேண்டியவை. காலப்போக்கில் உள்ளிருக்கும் மசகு கசிந்து அவற்றை ஒட்டிவிடுகிறது. முன்வில்லையைச் சுற்றியுள்ள பெயர் வளையத்தைக் கழற்ற இடுக்கி உதவாது. ஒரு ரப்பர் அடைப்பானை வைத்து அழுத்தித் திருக வேண்டும். அதன்பின் வில்லைத் தொகுதியை எடுத்துவிட்டு, தீமூட்டியில் ஊற்றும் திரவத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு இதழ்களைத் துடைத்தேன். விசையை அழுத்தினேன், அசையவில்லை. மீண்டும் துடைத்தேன். மூன்றாம் நாள் மாலை, மறந்துபோன ஒரு பெயரை யாரோ உச்சரித்ததுபோல், 'க்ளிக்' என்றது.

பின்மூடியின் ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை தார்போல் உருகிப் பிசுபிசுத்திருந்தது. அதனைப் பல்குச்சியால் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினேன். நம் ஈரக்காற்றில் வில்லையின் ஓரம் சிலந்தி நூல்போல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. நல்லவேளை, அது கண்ணாடியை அரிக்கவில்லை, அரித்திருந்தால் மருந்தில்லை. மேல்மூடியைக் கழற்றி, தெப்ராவ் நீரிணைக் கரையில் நின்று, எதிர்க்கரையின் உட்லண்ட்ஸ் அடுக்குமாடிகளை நோக்கி இரு உருவங்களையும் ஒன்றாக்கினேன். சிங்கப்பூர் என் திருகாணிக்கு இவ்வாறு உதவியது! ஒளிமானிக்குரிய 1.35 வோல்ட் பாதரச மின்கலம் இன்று கடைகளில் இல்லை. செவித்துணைக் கருவிகளில் இடும் துத்தநாகக் காற்று மின்கலம் ஏறத்தாழ அதே அழுத்தம் தருகிறது. அதுவும் இல்லையென்றாலும் கையால் அளவுகளை அமைத்துப் படமெடுக்கலாம்.

"கைப்பேசி இருக்க இதெல்லாம் எதற்கு?" என்பர். கைப்பேசி வேண்டாம் என்று யார் சொன்னார்? அதனைத் திறக்க உனக்கு இசைவில்லை. திறந்தாலும் உன் கண்ணுக்குப் புரிவதொன்றும் அதில் இல்லை என்பதே என் வழக்கு. அரை நூற்றாண்டுக்கு முந்தைய இக்கருவியோ ஒவ்வொரு திருகாணியிலும் தன்னை விளக்குகிறது. படச்சுருள் விலை அதிகம் என்பது உண்மை. கழுவித் தருவோர் குறைந்துவிட்டனர் என்பதும் உண்மை. மறுக்கவில்லை. பழைய கேமராவை அணிகலனாகக் கழுத்தில் தொங்கவிடும் நாகரிகத்தையும் நான் ஆதரிக்கவில்லை. அதற்கும் நம் மரபு மூலைக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலர் சினந்தாலும் சரி. கலைச்சொல்லாக்கத்தில் நாம் சளைத்தவர் அல்லர். 'ஷட்டர்' என்பதற்கு ஆளுக்கொரு சொல் படைத்து, எது சரி என்று கருத்தரங்குகளில் வழக்காடுவோம். அவ்விதழ்களை ஒருமுறையேனும் தொட்டுத் துடைத்தவர் அவ்வரங்கில் எத்தனை பேர்? 'திருப்புளி' என்ற அருஞ்சொல் நம்மிடம் உண்டு. நம் மாணவர் அதனை அகராதியிலும் காணார், கையிலும் காணார்.

ஜொகூரில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்த லயன் வீடுகளையும் கோயில் திருவிழாக்களையும் காட்டுபவை, யாரோ ஒரு கிராணியோ ஆசிரியரோ இத்தகைய கருவியால் எடுத்து வைத்த படங்களே. அந்தக் கருவிகளைத்தான் பார்வைக்கு அழகு என்று பூட்டி வைக்கப் பார்க்கிறோம்.

என் முதற்சுருளின் 36 படங்களில் 11 பழுது. இரண்டில் ஒளி கசிந்திருந்தது. கம்பளி நூலை மாற்றி ஒட்டினேன். செய்தி அறிந்து, மரபு மூலை நண்பர் மீண்டும் கேட்டார். தருகிறேன் என்றேன். பேழைக்குப் பூட்டு கூடாது. அருகில் ஒரு திருப்புளி இருக்க வேண்டும். பள்ளித் தவணைக்கு ஒரு சுருளை ஆறாம் ஆண்டு மாணவர்கள் எடுத்து முடிக்க வேண்டும். பழுதானால் அவர்களே என் முன்னிலையில் திறக்க வேண்டும். தலைமையாசிரியரைக் கலந்து சொல்வதாகச் சொன்னார். இன்னும் விடை வரவில்லை.