கத்தும் பிழையும் கத்தாத பிழையும்



வேலூரை அடுத்த விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு. அரை வட்டமான அக்கல்லில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உரிய இடத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் விழும் எண்தான் மணி. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் கல் சராசரியாக 14 நிமிடம் பின்தங்கும். பருவத்துக்கேற்ப இது கூடும், குறையும்.

கல் தவறு செய்கிறதா? இல்லை. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. விரிஞ்சிபுரமோ ஏறத்தாழ 79 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கணக்குச் சரியாகிவிட்டதல்லவா? கல்லின் விதியை அறியாதவரே அதைக் குறை கூறுவார்.

கணிப்பொறியிலும் இப்படித்தான். எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தை அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப் 2000-இல் உருவாக்கினார். தனியாக சர்வர் எதுவும் வேண்டாம். தகவல் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். விலையும் இல்லை. உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளும் அது இருக்கிறது.

நீங்கள் பாலாற்றங்கரைக் கிணறுகளின் உப்பளவை நாள்தோறும் அதில் பதிவதாக வைத்துக்கொள்வோம். ஒருநாள் ‘தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது’ என்ற செய்தி திரையில் தோன்றும். பயப்படாதீர்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம் என்பது எஸ்கியூலைட்டின் விதி. வேறொரு ஜன்னலில் அதே கோப்பைத் திறந்து, எழுதியதை உறுதிசெய்யாமல் விட்டிருப்பீர்கள். அதை முடித்துவிட்டால் பூட்டு திறந்துவிடும். இருவர் ஒரே சமயத்தில் எழுதிக் கோப்பைக் கெடுத்துவிடாமல் காப்பது அந்தப் பூட்டுதான்.

இது கத்தும் பிழை. நான் அஞ்சுவது கத்தாத பிழைக்கு.

காலை 4 மணிக்கு எடுத்த அளவை ‘இப்போதைய நேரம்’ என்ற கட்டளையால் பதிகிறீர்கள். கோப்பிலோ முந்தைய நாள் இரவு 10.30 என்று இருக்கும்! எஸ்கியூலைட் தருவது உலகப் பொதுநேரம். நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. எந்த எச்சரிக்கையும் வராது. தேதியே மாறிவிடும். காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றிக்கொள்வதுதான் வழி.

இன்னொன்று. உப்பளவுப் பத்தியை எண்ணுக்கென்று ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒரு நண்பர் எண்ணுக்குப் பதிலாக ‘அதிகம்’ என்று எழுதிவிடுகிறார். எஸ்கியூலைட் அதையும் ஏற்றுக்கொள்ளும்! சராசரி கேட்டால் அந்தச் சொல்லைச் சுழியமாகக் கருதும். உப்பு மிகுந்த கிணறே சராசரியைக் குறைத்துவிடும், என்ன விந்தை! அட்டவணையை அமைக்கும்போதே ‘ஸ்ட்ரிக்ட்’ என்று சேர்த்துவிட்டால் எண் அல்லாததை அது மறுத்துவிடும். 2021 முதல் இவ்வசதி உண்டு.

‘பள்ளிக்கூடக் கணக்குதானே, போகட்டும்’ என்பீர்களா? வாணியம்பாடி, ஆம்பூர் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது: 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன. பார்த்தீர்களா? கிணற்றுக் கணக்கு நீதிமன்றம் வரை சென்று சாட்சி சொல்கிறது. தேதி மாறிய சாட்சியை, சுழியமாகிப்போன சாட்சியை யார் நம்புவார்கள்?

ஆகவே என் கருத்து இதுதான். திரையில் பிழைச்செய்தி தோன்றினால் எரிச்சலோடு மூடிவிடாதீர்கள்; நிதானமாகப் படியுங்கள். எதுவும் தோன்றாவிட்டால் அப்போதுதான் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். விடை தெரிந்த நான்கு அளவுகளைப் பதிந்து, சராசரியை முதலில் கையால் போடுங்கள். பிறகு கணிப்பொறியைக் கேளுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் மேலே செல்லுங்கள்.

அடுத்த முறை விரிஞ்சிபுரம் போகும்போது, கல்லையும் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் எத்தனை நிமிடம்? தேதியோடு குறித்து வையுங்கள்!