ஆயாக் கொட்டகையும் வருமான வரிக் கழிவும்

பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தோர் குடியிருக்கும் தாமான்களிலும் ஒரு பேச்சு உலவுகிறது. “பிள்ளைப் பராமரிப்புக்கு அரசாங்கமே வருஷத்துக்கு 3,000 வெள்ளி தருகிறதே, இனி முதலாளி எதற்கு ஆயாக் கொட்டகை வைக்க வேண்டும்?” என்பதே அந்தப் பேச்சு. இதை நம்மவர்களே சொல்லிக்கொண்டு திரிவதுதான் வருத்தத்துக்குரியது.

அரசாங்கம் யார் கையிலும் 3,000 வெள்ளியைக் கொடுக்கவில்லை. சம்பாதித்த பணத்தில் அவ்வளவு தொகையை வரிக் கணக்கில் சேர்க்காமல் கழித்துக்கொள்ளலாம் என்கிறது, அவ்வளவுதான். 2017-இல் 1,000 வெள்ளியாக வந்த இந்தக் கழிவு 2020-இல் 3,000 ஆயிற்று. 2025 வரை பிள்ளைக்கு வயது ஆறு அல்லது அதற்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. பதிவு பெற்ற பராமரிப்பு நிலையத்திலோ பாலர் பள்ளியிலோ கட்டிய கட்டணத்துக்கு ரசீது வேண்டும். தாய் தந்தை இருவரில் ஒருவரே கோரலாம். பக்கத்து வீட்டு அக்காளிடம் பிள்ளையை விட்டு மாதாமாதம் காசு கொடுப்பவருக்கு இதில் ஒரு காசும் இல்லை.

கிராணி வேலை பார்ப்பவன் ஆகையால் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கும் மரம் வெட்டும் தொழிலாளிக்கு வருஷ வருமானம் 20,400. தனி நபர் கழிவு 9,000, சேமநிதிச் சந்தா சுமார் 2,240, இவ்விரண்டையும் தள்ளினால் மிஞ்சுவது 9,160. அதற்கு வரி 42 வெள்ளிக்குள். வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்கு வரியிலேயே 400 வெள்ளி தள்ளுபடி உண்டாகையால் அதுவும் போய்விடுகிறது. வரியே கட்டாதவருக்கு வரிக் கழிவு எதற்கு?

மாதம் 4,000 வெள்ளி வாங்கும், ஒரு பிள்ளையுள்ள குமாஸ்தாவைப் பார்ப்போம். தமக்குரிய 9,000, சேமநிதிக்கு 4,000, பிள்ளைக்கு 2,000 ஆகியவற்றைக் கழித்தால் 33,000. வரி 540, தள்ளுபடி போக 140. பராமரிப்புக் கட்டணம் முழு 3,000-த்தையும் கழித்தால் வரி 50 ஆகிறது. மிச்சம் 90 வெள்ளி! வருஷத்துக்கு 90! வரிக்குரிய வருமானம் லட்சத்தைத் தாண்டிய மேனேஜருக்கோ, அதே ரசீதைக் காட்டினால் 750 வெள்ளி மிச்சமாகும். அதிகம் வாங்குகிறவருக்கு அதிகம், குறைய வாங்குகிறவருக்குக் குறைவு, வெட்டுத் தொழிலாளிக்குச் சுழியம். இதுதான் அந்த 3,000 வெள்ளியின் லட்சணம்.

இதனோடு ஆயாக் கொட்டகையை ஒப்பிட்டுப் பாருங்கள். பராமரிக்க ஆளில்லாமல் தாய் ஒரு நாள் பெரட்டுக்கு வராவிட்டால் சுமார் 65 வெள்ளி போகிறது. இரண்டு நாள் நின்றால் குமாஸ்தாவுக்கு வருஷம் முழுவதும் மிச்சமானதைவிட அதிகம் போய்விடுகிறது. அந்தக் கொட்டகையில் குறை இல்லையென்று சொல்லவில்லை. தகரக் கூரையும், வெட்ட முடியாமற்போன ஒரு கிழவியும், அவள் தலையில் இருபது பிள்ளைகளுமாக நடந்த கொட்டகைகளை நாம் அறிவோம். குறையைத் திருத்தக் கேட்க வேண்டுமேயன்றி, கொட்டகையையே விட்டுக்கொடுக்கலாகாது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளரின் பச்சைக் குழந்தைகளுக்குப் பராமரிப்பு இடம் என்பது 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டத்திலேயே உள்ள விஷயம். முதலாளியின் தர்மம் அல்ல.

வரிச் சட்டமும் இங்கே நமக்கு அனுகூலமாகவே இருக்கிறது. முதலாளி தம் சொந்த நிலையத்தில் பிள்ளையைப் பராமரித்தால், அந்தச் சலுகையின் மதிப்பு எவ்வளவானாலும் தொழிலாளியின் வருமானத்தில் சேராது. கட்டணமே கட்டாதபோது கழிவு கோர முடியாதென்பது உண்மைதான். ஆனால் 90 வெள்ளிக்காக 3,000 வெள்ளி கட்டணம் கட்டுவோர் யார்? கம்பெனிக்கோ, நிலையத்தை நடத்தும் செலவை இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ள 2013 முதல் வழியுண்டு. 24 விழுக்காடு வரி கட்டும் கம்பெனி 10,000 வெள்ளி செலவிட்டால் வரியில் 4,800 குறைகிறது. ஏறக்குறைய பாதிச் செலவைக் கஜானா ஏற்றுக்கொள்ளும்போது “கட்டுப்படியாகாது” என்ற பல்லவி செல்லாது.

சில இடங்களில் பிள்ளைகள் குறைந்துவிட்டனர் என்பதையும், செம்பனை வந்தபின் குடும்பங்கள் வெளியேறியதையும் மறுக்கவில்லை. அங்கே கொட்டகைக்குப் பதில் ரொக்கம் கேட்கலாம். முதலாளி கொடுக்கும் பிள்ளைப் பராமரிப்பு அலவன்சில் வருஷத்துக்கு 3,000 வெள்ளி வரை 2024 முதல் வரியில்லை. முன்பு அது 2,400. ஆகவே மாதம் 250 வெள்ளிக்குக் குறைந்து பேச வேண்டியதில்லை. அதைச் சம்பளத்தோடு கலந்துவிடாமல், சம்பளச் சீட்டில் தனி வரியாக எழுதச் சொல்ல வேண்டும்; கலந்துவிட்டால் பிறகு எது சம்பளம், எது அலவன்சு என்று வாதாடிக்கொண்டிருக்க நேரும்.

பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் நாம் கேட்க வேண்டியவை வேறு. நிலையத்தைச் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். ஆயாவுக்குப் பயிற்சியும் முழுச் சம்பளமும் வேண்டும். மேலும், காலை எட்டு மணிக்குத் திறக்கும் நிலையம் மரம் வெட்டப் போகும் தாய்க்கு உதவாது. பெரட்டுக்கு அரை மணி முன்பே கதவு திறந்திருக்க வேண்டும்.