எள்ளுக்கும் ஒரு வரி அச்சாகட்டும்

விஸ்வநத்தத்தையும் சிவகாசியையும் சுற்றிப் பட்டாசு ஆலைகள் மட்டுமல்ல, அச்சகங்களும் ஏராளம். உணவுப் பொட்டலங்களின் உறைகளும் இந்த வட்டாரத்தில் அச்சாகின்றன. பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா முதலிய ஒவ்வாமைப் பொருள்களை உறையில் குறிப்பிடச் சொல்கின்றன உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறைகள். அந்தப் பட்டியலில் எள் இல்லை.

நல்லெண்ணெயும் இட்லிப்பொடியும் எள்ளுருண்டையும் புழங்கும் நாட்டில் இது பெரிய ஓட்டை. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளைக் குறிப்பிடுவது கட்டாயம்.

ஒவ்வாமையைச் செரிமானக் கோளாறோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பால் குடித்தால் வயிறு உப்புவது பெரும்பாலும் லாக்டோஸ் செரிக்காததால். தொல்லைதான், உயிருக்கு ஆபத்தில்லை. ஒவ்வாமை வேறு. நோய் எதிர்ப்பு மண்டலமே உணவை எதிரியாக நினைத்துப் பாய்கிறது. உதடு வீங்கி, மூச்சுத் திணறி, சில நிமிடங்களில் நிலைமை முற்றலாம். அப்போது முதலில் தேவை அட்ரினலின் ஊசி. “கொஞ்சம் சாப்பிடு, பழகிடும்” என்று பந்தியில் வற்புறுத்துவது கொடுமை. விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா எந்த எண்ணெயில் பொரிந்தது என்று கேட்பவருக்கு, கடைக்காரர் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். எள்ளைப் பட்டியலில் சேர்க்க ஆணையமும் தயங்கக் கூடாது.