ஓசியில் வந்த குந்தாலி

ஒரு விளையாட்டைக் கெடுக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். கடைசியில கிடைக்க வேண்டிய சாமானை முதல் அரைமணி நேரத்துலயே கையில திணிச்சுட்டாப் போதும். மைன்கிராஃப்ட்டுக்கு மாட்பேக் கட்டுற புண்ணியவான்கள் பல பேர் இன்னிக்கு இதைத்தான் செய்யறாங்க. ஏன்னு கேட்டா "ஆடுறவங்க வசதிக்காக" ன்னு பதில் வருது. வசதியாவது, மண்ணாவது!

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. (பால் கறக்கிற மாடு இல்லை மக்கா, இது வேற மாட்.) மைன்கிராஃப்ட் 2011 நவம்பர்ல முழுசா வெளிவந்த சுவீடன்காரங்க விளையாட்டு. மரம் வெட்டணும், கல் தோண்டணும், தோண்டினதை வச்சு ஏதாவது கட்டணும். அவ்வளவுதான். ரசிகர்கள் அதோட சேர்க்கறதுக்கு எழுதுற துணை நிரல்தான் மாட். அதுல நூறு, இருநூறை ஒண்ணா மூட்டை கட்டினா மாட்பேக். இந்த மாட்பேக்ல முதல் பத்து மணி நேரம் எப்படி இருக்கணும்கிறதுதான் நம்ம பஞ்சாயத்து.

விளையாட்டோட உயிர் பிக்காக்ஸ்லதான் இருக்கு. எங்க நாகர்கோவில் பக்கம் குந்தாலின்னு சொல்லுவோம், அப்படியே வச்சுக்குவோம். மரக் குந்தாலி 59 தடவை தோண்டினா உடைஞ்சிரும். கல் 131, இரும்பு 250, வைரம் 1561. மரக் குந்தாலியால இரும்புத் தாதை எடுக்க முடியாது, அதுக்குக் கல் வேணும். வைரத்தை எடுக்க இரும்பு வேணும். ஒரு படியில காலை நல்லா ஊன்றினாத்தான் அடுத்த படி எட்டும்.

இந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்துல மோஜாங் ஒரு மந்திர மேஜை போட்டு வச்சிருக்கு. எக்ஸ்பியைக் கொட்டினா குந்தாலிக்கு மந்திரம் ஏத்தித் தரும். மேஜைக்கு 4 அப்சிடியன், 2 வைரம், 1 புத்தகம். பெரிய மந்திரம் வேணும்னா சுத்தி 15 புத்தக அலமாரி. அலமாரிக்கு 3 புத்தகம், புத்தகத்துக்கு ஒரு தோல். ஆக மொத்தம் 46 தோல், 138 காகிதம். (இங்க நிஜமாவே மாடு வேணும் :-)) முப்பதாவது லெவலுக்கு 1395 எக்ஸ்பி. ஒரு ஸோம்பிக்கு 5 எக்ஸ்பின்னா 279 ஸோம்பியைப் போட்டுத் தள்ளணும். இவ்வளவும் செஞ்சு மேஜை முன்னாடி நின்னா, வரப்போற மந்திரத்துல ஒண்ணை மட்டும் காட்டும். மிச்சம் உங்க ஜாதகம். லாட்டரிச் சீட்டு மாதிரிதான். சீட்டு வாங்க மாட்டுத் தோல் உரிக்கணுங்கிறது மட்டும்தான் வித்தியாசம்.

இந்த லாட்டரியை நான் தாங்கிப் பேசப் போறதில்லை. ஆனா அதுக்கு மாட்பேக்காரங்க கண்டுபிடிச்ச மருந்து இருக்கே, அது நோயை விட மோசம். லாட்டரி எரிச்சலா இருக்கா? சரி, பரிசையே சும்மா குடுத்துருவோம். 'குவெஸ்ட் புத்தகம்' ஒண்ணு இருக்கும். மரம் வெட்டுன்னு முதல் வேலை. வெட்டினா ஒரு பரிசுப் பை. அதிர்ஷ்டம் இருந்தா அதுக்குள்ள எஃபிஷியன்சி ஐந்து, ஃபார்ச்சூன் மூணு ஏத்தின வைரக் குந்தாலி. ஆட்டம் அங்கயே குளோஸ்.

எப்படி குளோஸ்னு கணக்கோட சொல்றேன். "உனக்குப் பொறாமை" ன்னு ஒதுக்கிட்டுப் போக முடியாதபடி.

முதல்ல எஃபிஷியன்சி. தோண்டுற வேகம் கல்லுக்கு 4, இரும்புக்கு 6, வைரத்துக்கு 8. கல்லுல இருந்து வைரத்துக்குப் போனா வேகம் சரியா இரட்டிப்பு. உழைச்சதுக்குத் தகுந்த கூலி. இதுல எஃபிஷியன்சி மந்திரம் என்ன செய்யுது? தன்னோட எண்ணைத் தன்னாலயே பெருக்கி, கூட ஒண்ணு சேர்த்து வேகத்தோட கூட்டுது. அஞ்சாம் நிலைன்னா 26. இப்ப பாருங்க: கல் 30, இரும்பு 32, வைரம் 34. கல்லுக்கும் வைரத்துக்கும் நடுவுல இருந்த மலை போய், ஒரு வாசப்படி உயரம்தான் மிச்சம். வேகத்தைப் பொறுத்தவரை எந்த உலோகத்துக்கும் மரியாதை இல்லை. அப்புறம் அந்த மாட்பேக்ல இருக்கிற வெண்கலம், எஃகு, கோபால்ட் எல்லாம் எதுக்கு? கொலு பொம்மையா?

அடுத்தது ஃபார்ச்சூன். இதுதான் பெரிய கொள்ளை. மூணாம் நிலை ஃபார்ச்சூன்ல ஒரு வைரத் தாதை உடைச்சா 40 சதவீதம் வாய்ப்புல ஒண்ணு, 20 சதவீதம் வாய்ப்புல ரெண்டு, 20-ல மூணு, 20-ல நாலு. சராசரி 2.2. முன்னாடி இது இரும்பு, தங்கத்துக்குச் செல்லாது. தாது தாதாவே விழும், உலையில போட்டா ஒரு கட்டி. அதனாலதான் தொழில்நுட்ப மாட்கள் எல்லாத்துலயும் முதல் பெரிய சாதனைன்னா 'ஒண்ணை ரெண்டாக்குறது'. இண்டஸ்ட்ரியல்கிராஃப்ட்ல மின்சாரம் உண்டாக்கி, மேசரேட்டர் செஞ்சு, தாதைப் பொடியாக்கினா ரெண்டு பங்கு. டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்ட்ல உருக்காலை கட்டினா ரெண்டு பங்கு. அந்த இரண்டாவது கட்டி வெளிய விழும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அதை அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்.

2021-ல 1.17 வந்தது. இரும்பு, தங்கம், செம்பு மூணும் 'கச்சா' உலோகமா விழ ஆரம்பிச்சுது, ஃபார்ச்சூன் அதுக்கும் செல்லுபடி ஆச்சு. அந்த நிமிஷமே ஃபார்ச்சூன் குந்தாலி ஒரு தொழிற்சாலை ஆயிருச்சு. மின்சாரம் வேண்டாம், உருக்காலை வேண்டாம், ஒண்ணுக்கு 2.2. மாட்பேக்காரர் இதை யோசிக்க வேண்டாமா? முதல் நாளே ஃபார்ச்சூன் மூணைக் குடுத்துட்டு, ரெண்டாவது வாரம் "இதோ பாருங்க, தாதை இரட்டிப்பாக்கும் இயந்திரம்!" ன்னு குவெஸ்ட்ல ஆச்சரியக்குறி போடறார். யாருக்கு வேணும்? கல்யாண வீட்டுல பாயசம் குடிச்சுட்டு வந்தவன்கிட்ட நீச்சத் தண்ணியை நீட்டின கதைதான்.

இவ்வளவு ஆத்திரம் எதுக்குன்னு கேப்பீங்க. சொல்றேன்.

நான் குர்கான்ல பொட்டி தட்டி ஆணி பிடுங்கறவன். ஊருக்கும் எனக்கும் நடுவுல ஒரு நாட்டு நீளம். அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயசு. போன்ல பேசினா "சாப்பிட்டியா, படிச்சியா" தாண்டி ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் இந்த விளையாட்டுல ஒரே உலகத்துல இருப்போம். தாய்மாமன் சீர்ன்னு என்கிட்ட இருக்கிறது அந்த ஒரு மணி நேரம்தான். போன வருஷம் ஒரு பிரபல மாட்பேக், பேர் எதுக்கு, அதை எடுத்தோம். மூணாவது குவெஸ்ட்ல அவனுக்கு மேல சொன்ன குந்தாலி வந்து விழுந்தது. குதிச்சான். அடுத்த வாரம் பெட்டி பெட்டியா இரும்பு. அதுக்கடுத்த வாரம், "மாமா, இனி என்ன செய்யணும்?" நாலாவது சனிக்கிழமை அவன் வரலை. "போரடிக்குதாம்டா" ன்னு அக்கா சொன்னா.

அப்புறம் டெர்ராஃபர்மாகிராஃப்ட் போட்டேன். அதுல கல்லைக் கல்லால கொத்தித்தான் முதல் கருவி. ஆத்து மணலை அலசி அலசிச் செம்புத் துணுக்கு பொறுக்கணும். களிமண்ல அச்சு செஞ்சு, சுட்டு, அதுல உருக்கி ஊத்தணும். வெண்கலத்துக்குத் தகரமும் வேணும், அதுவும் நூத்துல எட்டுல இருந்து பன்னிரண்டு பங்குக்குள்ள. கூடினாலும் குறைஞ்சாலும் வெண்கலம் இல்லை. பையன் கணக்கு நோட்டுப் பின்பக்கத்துல ஒன்பதுக்கு ஒண்ணுன்னு விகிதம் போட்டு வச்சிருந்தான். ஒரு புதன்கிழமை ஆபீஸ் மீட்டிங் நடுவுல போன். "மாமா, தகரம் கிடைச்சாச்சு!" சும்மா குடுத்த வைரத்துக்கு யாரும் புதன்கிழமை போன் பண்ண மாட்டாங்க. நான் சொல்ல வர்றது அவ்வளவுதான்.

இப்ப எதிர்வாதங்களுக்கு வருவோம். வழக்கமா வர்றது மூணு.

முதல் வாதம்: "வேலைக்குப் போறவனுக்கு நேரம் எங்க இருக்கு? சீக்கிரம் மேல போகணும்." அண்ணாச்சி, நானும் வேலைக்குத்தான் போறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறவனுக்குத்தான் சின்னச் சின்னப் படி அதிகமா வேணும். இன்னிக்கு அச்சு, அடுத்த வாரம் உலை, அதுக்கடுத்த வாரம் வெண்கலம்னு ஒவ்வொரு தடவையும் ஒண்ணு முடியும். பெரிய மாட்பேக்கை முடிக்க எப்படியும் நூத்துக்கணக்கான மணி நேரம் ஆகும். அதுல ஆரம்பத்து அஞ்சு மணி நேரத்தை வெட்டி என்ன மிச்சம் பிடிக்கப் போறீங்க? மாம்பழத்துல சதையை எறிஞ்சுட்டுக் கொட்டையைச் சப்புற சிக்கனம்.

இரண்டாவது வாதம்: "பிடிக்கலைன்னா எடுக்காதே, பெட்டியில போட்டுப் பூட்டு." கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா நடைமுறை? பன்னிரண்டு வயசுப் பையன்கிட்ட வைரக் குந்தாலியைக் குடுத்துட்டு எடுக்காதேன்னு சொல்லிப் பாருங்க. அதைவிட முக்கியம், உங்க கையில அந்தக் குந்தாலி இருக்குன்னு நம்பித்தான் அடுத்த சாமானுக்கு விலை வைக்கிறாங்க. எட்டு இரும்புல முடிய வேண்டிய இயந்திரத்துக்கு அறுபத்திநாலு கேக்கறாங்க. எடுக்காதவனுக்கும் அதே விலைதான். ஓசியில வந்த குந்தாலி பரிசு இல்லீங்க, கடன். வட்டியை எல்லாரும் கட்டணும்.

மூணாவது வாதம் எதிர்த் திசையில இருந்து வருது: "சரியாச் சொன்னே! கஷ்டப்படணும்! கிரெக்டெக் ஆடு, ஆயிரம் மணி நேரம் அரை!" ஐயா சாமி, நான் உங்க கட்சியும் இல்லை. ஒரே தட்டை ஐநூறு தடவை அடிச்சா அதுக்குப் பேர் வளர்ச்சி இல்லை, தண்டனை. படி சரியா இருக்கான்னு பார்க்க என்கிட்ட ஒரே ஒரு சோதனைதான். மேல ஏறினதும் நான் செய்யற வேலை மாறுதா? அதே குழியை வேகமாத் தோண்டினா படி ஏறலை, ஓட்டம்தான் கூடியிருக்கு. அதே வேலையை அதிக நேரம் செஞ்சாலும் ஏறலை. ஓசிக்காரரும் அரைக்கிறவரும் இதுல ஒரே தப்பைத்தான் செய்யறாங்க.

இந்தச் சோதனையில நல்ல மார்க் வாங்கினது டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்ட், அதுலயும் 1.7.10, 1.12 காலத்து டிங்கர்ஸ். அங்க மந்திர மேஜை லாட்டரி அந்தக் கருவிகளுக்குச் செல்லாது. தலை ஒரு பொருள், பிடி ஒரு பொருள், கட்டு ஒரு பொருள். வேகம் வேணுமா, ஒரு இடத்துக்கு 50 ரெட்ஸ்டோன். அதிர்ஷ்டம் வேணுமா, லாபிஸைச் சேர்த்துக்கிட்டே வா. ஆனா இடம் கொஞ்சம்தான், எதை விடறதுன்னு நீயே முடிவு பண்ணு. காகிதத்துல ஒரு பாகம் செஞ்சா குந்தாலி நோஞ்சான், பதிலா இன்னொரு இடம் கிடைக்கும். தேய்ஞ்சு போனாக் காணாமப் போகாது, சரி பண்ணிக்கலாம். அதனால முதல் நாள் செஞ்ச சிக்கிமுக்கிக் குந்தாலிக்கே பேர் வச்சு வளர்க்கலாம். கருவியோட பலம் ஆடறவனோட புத்தியில இருந்து வருது.

சும்மா திட்டிட்டுப் போனேன்னு யாரும் சொல்லக்கூடாது. மாட்பேக் கட்டுறவங்களுக்கு நாலு கோரிக்கை:

1. தாதை இரட்டிப்பாக்கும் முதல் இயந்திரத்தை ஆடறவர் கட்டி முடிக்கிற வரைக்கும் பரிசுப் பையிலயும் புதையல் பெட்டியிலயும் மந்திரக் கருவி வைக்காதீங்க. சோறு குடுங்க, விளக்கு குடுங்க, பை குடுங்க. குந்தாலி வேண்டாம்.

2. ஃபார்ச்சூன் இயந்திரத்துக்குப் பின்னாடி வரட்டும். அப்ப அது 'மேல இன்னும் கொஞ்சம்'. முன்னாடி வந்தா இயந்திரத்துக்குச் சாவுமணி.

3. எஃபிஷியன்சியைக் கூட்டலா வைக்காம உலோகத்தோட வேகத்துல இத்தனை சதவீதம்னு மாத்துங்க. வைரம் வைரமா இருக்கட்டும், கல் கல்லா இருக்கட்டும்.

4. ஒரு கல்லைத் தட்டினா ஒட்டியிருக்கிற மொத்தத் தாதும் விழற 'வெயின்மைனர்' சமாச்சாரத்தை முதல் நாளே திறந்து விடாதீங்க. வெண்கலமோ எஃகோ வந்ததும் திறங்க. அப்ப அது சம்பாதிச்ச வசதி.

இதெல்லாம் செட்டிங்ஸ் ஃபைல்ல சில மணி நேர வேலை, சிலதுக்குக் கூட ஒரு சின்ன மாட். யாரும் புதுசா உலகத்தைப் படைக்க வேண்டாம். நாலு மணி நேரத்துல போரடிக்காத ஒரு ஆட்டத்தைக் குடுத்தா, எங்கயோ ரெண்டு பேர் இன்னும் பத்து சனிக்கிழமை பேசிக்கிட்டு இருப்பாங்க.

டிஸ்கி: "இது வெறும் விளையாட்டு, இதுக்குப் போய் இவ்வளவு பெரிய பதிவா" ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க கவனத்துக்கு: ஆமா, வெறும் விளையாட்டுதான். அதனாலதான் அதை ஒழுங்கா விளையாட விடுங்கன்னு கேக்கறேன்.