ஒரு மெச்சோட முடியிற சீசன்

மூணு மாசம் அஸருக்குப் பிறகு பயிற்சி. பூட் வாங்க வாப்பாக்கிட்ட ரெண்டு கிழமை நச்சரிப்பு. கடைசியில் வலய மட்டப் போட்டியில் முதல் மெச்சிலேயே ஒண்டுக்குப் பூச்சியம் எண்டு தோத்து வந்த டீமில நானும் இருந்தன். திரும்ப பஸ் ஏறும்போது காலை பத்தரை மணி. அந்த வருஷத்து உதைபந்தாட்டம் எங்களுக்கு அவ்வளவுதான்.

"இந்த முறை டீம் சரியில்ல" எண்டு ஊரில் சொன்னார்கள். ஒரு மெச்சில அது எப்படித் தெரியும்?

பாடசாலைப் போட்டிகள் வலயம், மாகாணம், தேசியம் எண்டு மேலே போகும். பெரும்பாலும் விலகல் முறைதான். 16 பாடசாலை வந்தால் முதல் சுற்றோட 8 பாடசாலை வீட்டுக்கு. நடத்துறவங்களைக் குத்தம் சொல்லவும் ஏலாது. 15 மெச்சில எல்லாம் முடியும், ஒரு மைதானம் போதும், செலவும் குறைவு. ஆனால் தோத்த பிறகு அடுத்த கிழமை திரும்ப இறங்கி விளையாட இருந்தால்தானே அதுக்குப் பேர் சீசன்? பிழையைத் திருத்துறது அங்கதான். எங்கட ரைட் பேக் அண்டைக்கு ஒரே ஒரு போலை விட்டான். இப்ப கட்டாரில வேலை. இன்னும் கோல் எடுத்தா அந்தப் போலைப் பற்றித்தான் கதைக்கிறான்.

2024 செப்டெம்பரில் இலங்கை அணி கம்போடியாவைப் பெனால்டியில் வென்றது. அந்த அணியில் பலர் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். நம்மட பொடியன்களை விட அவர்களுக்குக் கால் நல்லம் எண்டு நான் நினைக்கல்ல. சின்ன வயசிலேயே கிழமைக்கு ஒரு லீக் மெச் கிடைக்கிற இடத்தில் வளர்ந்தவர்கள், அதுதான் வித்தியாசம்.

கல்முனையில் ஸாஹிரா, கார்மேல் பற்றிமா, மருதமுனையில் அல்-மனார், ஷம்ஸ். எல்லாம் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரம். இந்த நாலும் ஒருத்தர் மைதானத்துக்கு ஒருத்தர் போய் விளையாடினால் ஆளுக்கு 6 மெச், மொத்தம் 12. சாய்ந்தமருது, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை எண்டு எட்டாக்கினால் ஆளுக்கு 14. மாரி மழையில் மைதானம் குளமாகும், நோன்பு காலத்திலும் ஏலாது. கச்சான் அடிக்கிற மாசங்களில், நாலு மணிக்குப் பிறகு வைக்கலாம்.

"தமிழ் ஸ்கூலும் முஸ்லிம் ஸ்கூலும் அடிக்கடி மோதினா சண்டை வரும்" எண்டு ஒரு சேர் சொன்னார். வரும்தான், ஒரே ஒரு மெச் எண்டால். அண்டைக்குத் தோத்தால் எல்லாமே போச்சு, அதனால காலைப் பார்த்து அடிக்கிறான். அடுத்த மாசம் அதே ஆள் நம்மட மைதானத்துக்கு வருவான் எண்டால் கொஞ்சம் யோசிப்பான். பேரும் தெரிஞ்சிருக்கும். பிரதேச செயலகத்துக்காகப் பெரியாக்கள் வருஷக்கணக்கா இழுபடுற ஊரில், பக்கத்துப் பாடசாலைக் கோல் கீப்பர்ட பேர் தெரியாமலே நான் ஏ.எல். முடிச்சிட்டன்.

டியூசன் ஒரு பிரச்சினைதான், அதுக்கு என்னட்ட மறுமொழி இல்ல.

காசு? பழைய மாணவர் சங்கங்கள் நடைபவனிக்கு அடிக்கிற டீ-ஷேர்ட்டைக் கொஞ்சம் குறைத்தால் நடுவருக்கும் தண்ணிப் போத்தலுக்கும் காணும். முதல் வருஷம் நாலு பாடசாலையோட தொடங்கினாப் போதும். கோடு போட, வலை கட்ட ஆள் வேணுமெண்டால் நாங்க வாறம்.